காயம்பட்ட பிள்ளை கைநீட்டும் முன்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வகுப்பில் பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். பதினான்கு வயதுப் பையன் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, ஓங்கி அடித்துவிட்டான். அடிபட்டவன் பேனா கேட்க வந்தவன். அடுத்த பத்து நிமிடம் எப்படிப் போகும் என்பது அந்த அறையில் இருக்கும் பெரியவரின் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்காகத்தான். அவர் புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியராக இருக்கலாம், விடுதிக் காப்பாளராக, விளையாட்டுப் பயிற்சியாளராக, தன்னார்வலராக இருக்கலாம். உறவுக்காரப் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் சித்தியாகவோ மாமாவாகவோகூட இருக்கலாம்.

மனக்காயத்தைப் புரிந்துகொண்டு நடக்கும் அணுகுமுறை என்று சொன்னதும், பிள்ளையை உட்காரவைத்துப் பழைய கதையைக் கேட்டு, அழவைத்து, ஆறுதல் சொல்வது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமலேயே இந்த வேலையில் முக்கால்வாசியைச் செய்யலாம். மாற வேண்டியவை பெரும்பாலும் நம் பக்கம் இருப்பவை: நம் குரல், நம் அறை, நம் விதிகள், தப்பு நடந்த பிறகு நாம் நடந்துகொள்ளும் விதம்.

தொடங்கும் முன் கொஞ்சம் பின்னணி

அடி, வசவு, பாலியல் துன்புறுத்தல், புறக்கணிப்பு, வீட்டில் வன்முறையைப் பார்த்துக்கொண்டே வளர்வது, நெருங்கிய ஒருவரின் திடீர் மரணம் என்று எதுவாகவும் இருக்கலாம். பிள்ளையின் தாங்கும் சக்தியை மீறிப் போய், அது முடிந்த பிறகும் உடம்பிலும் மனதிலும் தங்கிவிட்டால் அது மனக்காயம். 1995 முதல் 1997 வரை அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் நடத்திய இந்த ஆய்வின் முதல் கட்டுரை 1998-ல் வந்தது. மூன்றில் இரண்டு பேர் குறைந்தது ஒரு வகைத் துன்பத்தையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது.

இந்த எண்ணைப் படித்துவிட்டு, கையோடு ஒரு கேள்வித்தாள் தயாரித்துப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடக் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஆய்வின் கேள்வித்தாள் மக்கள்தொகை அளவில் ஆபத்தைப் பார்க்க உருவான கருவி. தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அண்டாவே 2020-ல் எழுதினார்.

இன்னொரு ஆய்வை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவியலாளர் கேத்தி விடம் 1989-ல் வெளியிட்டது. சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவு உள்ள 908 பேரை, அப்படிப் பதிவு இல்லாத 667 பேரோடு அவர் ஒப்பிட்டார். சிறார் வயதிலேயே கைதானவர்கள் முதல் குழுவில் 26 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம். வன்முறைக் குற்றத்துக்குக் கைதானவர்கள் 11, 8 சதவீதம். ஆபத்து கூடுகிறது என்பது சரி. ஆனால் காயம்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்கிக் கைதாகவில்லை என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. "அடி வாங்கி வளர்ந்தவன், நாளைக்கு அடிக்கத்தான் போகிறான்" என்று எந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லாதீர்கள், மனதுக்குள்ளும் வேண்டாம். உங்கள் பார்வையிலிருந்து பிள்ளை அதைப் படித்துவிடும்.

உடம்பின் கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும். ஆபத்து என்று மூளை முடிவு கட்டிவிட்டால் இதயம் வேகமாகத் துடிக்கும், தசை இறுகும். ஒருவர் தாக்குவார், ஒருவர் ஓடுவார், ஒருவர் உறைந்து நிற்பார். இதில் யோசனைக்கு இடமே இல்லை. நெடுநாள் ஆபத்தில் வாழ்ந்த பிள்ளைக்கு இந்த அலாரம் சின்னச் சத்தத்துக்கும் அடிக்கும். யோசித்து நிறுத்தும் வேலையைச் செய்யும் முன்மூளைப் பகுதியோ எல்லா இளையோருக்கும் இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அந்தப் பதினான்கு வயதுப் பையனின் கை, அவன் யோசிக்கும் முன்பே போய்விட்டது.

படி 1: உங்கள் பக்கத்தைத் தயார் செய்யுங்கள்

பிள்ளைகளைப் பார்க்கும் முன்பே மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் நிறுவன விதியும் சொல்கின்றன என்பது முதலாவது. நடுராத்திரியில்கூட யாரைக் கூப்பிடலாம் என்பது இரண்டாவது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: எந்த நடத்தையைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் தலைக்கேறுகிறது? எதிர்த்துப் பேசுவதா, பொய் சொல்வதா, நீங்கள் பேசும்போது சிரிப்பதா? அது தெரிந்தால்தான் அந்த நேரத்தில் ஒரு மூச்சு நிதானிக்க முடியும்.

படி 2: நாளையும் இடத்தையும் யூகிக்கக்கூடியதாக ஆக்குங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அலாரம் அடிக்கடி அடிக்கும் பிள்ளைக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதே பாதி மருந்து.

அன்றைய வேலைகளை வரிசையாகச் சுவரில் எழுதிவையுங்கள். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். "இன்று வழக்கமாக வருபவர் வரமாட்டார், வேறொருவர் வருவார்" என்பதைக் காலையிலேயே சொல்லிவிட்டால், மதியம் ஒரு நாற்காலி பறக்காமல் இருக்கலாம். தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடிக்கப் போகிறார்கள் என்றால், திடுக்கிடும் பிள்ளைகளிடம் முதலிலேயே காதில் போட்டுவையுங்கள். விளக்கை அணைக்கும் முன் சொல்லுங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். பக்கத்தில் வருவதை அவர்கள் பார்க்கும்படி வாருங்கள், பெயரைச் சொல்லுங்கள்.

எங்கே உட்காருவது என்பதில் சில பிள்ளைகளுக்குப் பிடிவாதம் இருக்கும். முதுகுக்குப் பின்னால் சுவரும் கண்ணுக்கு எதிரே கதவும் வேண்டும் அவர்களுக்கு. அதை அடங்காமை என்று எடுத்துக்கொள்ளாமல் அந்த இடத்தைக் கொடுத்துவிடுங்கள். நமக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

விதிகள் குறைவாக இருக்கட்டும், நான்கைந்து போதும். ஆனால் திங்கட்கிழமை உள்ள விதி வெள்ளிக்கிழமையும் இருக்க வேண்டும். உங்களுக்குத் தலைவலி இருக்கும் நாளில் ஒரு தண்டனை, மனம் நன்றாக இருக்கும் நாளில் ஒரு சிரிப்பு என்று இருந்தால், பிள்ளை விதியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைக் கவனிக்கத் தொடங்கும். வீட்டில் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

"நாலு மணிக்கு வருகிறேன்" என்றால் நாலு மணிக்குப் போய் நில்லுங்கள். முடியாது என்றால் சொல்லாதீர்கள். பெரியவர்கள் தந்த வாக்கு உடைந்து உடைந்து வளர்ந்த பிள்ளை, உங்கள் சின்ன வாக்குகளை எண்ணிக்கொண்டே இருக்கும்.

படி 3: பாருங்கள், எழுதிவையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஏதாவது நடந்தால் நாள், நேரம், இடம், அதற்குச் சற்று முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, அதன் பின் மற்றவர்கள் செய்தது, அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் எழுதுங்கள். "திமிர்", "வேண்டுமென்றே" போன்ற சொற்கள் வேண்டாம். "கத்தினான், புத்தகத்தைத் தள்ளினான், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான்" என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நோட்டைப் பூட்டிவையுங்கள், அதில் இருப்பது ஒரு பிள்ளையின் அந்தரங்கம்.

இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது ஒரு ஒழுங்கு தெரியவரும். விடுமுறை முடிந்து வரும் முதல் நாள். வரிசையில் காத்து நிற்கும் நேரம். ஆண் குரல் உயரும்போது. சரியாகத் தூங்காத மறுநாள். எல்லார் முன்னாலும் தவறான பதில் சொன்ன அடுத்த நிமிடம். காரணம் கிடைத்துவிட்டால் தடுப்பது எளிது: காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம், அந்தப் பிள்ளையை வரிசையின் முன்னால் நிறுத்தலாம், பதிலைத் தனியாகக் கேட்கலாம். பிள்ளைகளால் முடிந்தால் அவர்கள் நன்றாகத்தான் நடந்துகொள்வார்கள் என்பது உளவியலாளர் ராஸ் கிரீன் தொடர்ந்து சொல்லிவரும் கருத்து. முடியவில்லை என்றால் எந்தத் திறமை குறைகிறது என்று தேடச் சொல்கிறார். பொறுத்திருப்பதா, ஏமாற்றத்தைத் தாங்குவதா, திட்டம் மாறினால் சமாளிப்பதா? குறைவது எது என்று தெரிந்தால் அதைக் கற்றுக்கொடுக்கலாம்.

சத்தமே போடாத பிள்ளைகளையும் இந்த நோட்டில் சேருங்கள். உறைந்து போகிறவர்கள், வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவர்கள், திடீரென்று நண்பர்களை விட்டு விலகியவர்கள். தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் யாருக்கும் தொந்தரவு தராததால் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

படி 4: கொதிக்கும் நேரத்தில்

குழந்தை மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரி சொல்லும் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: முதலில் உடம்பை அமைதிப்படுத்து, அப்புறம் உறவை நிலைநிறுத்து, கடைசியில்தான் நியாயம் பேசு. நாம் வழக்கமாக நேர் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில் சுற்றி நிற்பவர்களை அப்புறப்படுத்துங்கள். கொதிக்கும் ஒருவரை வெளியே இழுப்பதைவிட, மற்றவர்களை வெளியே அனுப்புவது பல நேரம் சுலபம். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை தூரத்துக்கு அப்பால் நில்லுங்கள். கதவை மறிக்காதீர்கள். கைகள் தெரியும்படி இருக்கட்டும். குரலைத் தாழ்த்தி, மெதுவாக, குறைவாகப் பேசுங்கள். "நான் இங்கேதான் இருக்கிறேன். யாரும் உன்னைத் தொடமாட்டார்கள். வெளியே நடக்கலாமா, இங்கேயே உட்காரலாமா?" அவ்வளவு போதும். இரண்டு வாய்ப்பு கொடுங்கள், ஐந்து கொடுத்தால் குழம்பிவிடும். "என் கண்ணைப் பார்த்துப் பேசு", "ஏன் இப்படிச் செய்தாய்?", "எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?" என்ற மூன்றும் இப்போது வேண்டாம். அந்த நேரத்தில் "ஏன்" என்ற கேள்விக்குப் பிள்ளையிடமே பதில் கிடையாது.

தண்ணீர் கொடுக்கலாம். சேர்ந்து நடக்கலாம். பந்தைச் சுவரில் அடித்துப் பிடிப்பது போன்ற சீரான அசைவு உதவும். முழுதாக அடங்க அரைமணி நேரம்கூட ஆகலாம், அதற்குமேலும் ஆகலாம்.

நான் புதிதாக இருந்தபோது ஒரு பெண் பிள்ளை புத்தகங்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் போனேன், அவள் பின்வாங்கினாள், நான் இன்னும் போனேன். மூலைக்குப் போனதும் என் கையைக் கடித்துவிட்டாள். அன்று நான் எழுதிய அறிக்கையில் "காரணமில்லாமல் தாக்கினாள்" என்று இருந்தது. அவளை மூலைக்குத் தள்ளியது நான்தான் என்று புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அதன் பிறகு கோபம் வரும்போது என்னைத் தேடி வரத் தொடங்கினாள்.

பிடித்து அடக்குவது, அறையில் பூட்டுவது இரண்டும் பழைய காயத்தின் மேலேயே மறுபடி அடிப்பது போல. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டும், முறையான பயிற்சி பெற்றவர்கள், மிகக் குறைந்த நேரத்துக்குப் பிடிக்கலாம். மற்ற எந்த நேரத்திலும் வேண்டாம்.

படி 5: அடங்கிய பிறகு, பொறுப்பு

இங்கேதான் எனக்கும் மற்றவர்களுக்கும் அடிக்கடி வாக்குவாதம் வரும். "இப்படியே விட்டால் பயமே இல்லாமல் போய்விடும்" என்பார்கள். விடச் சொல்லவில்லையே. பட்ட காயம் நடத்தையை விளக்கும், அதற்கு அனுமதி தராது. அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். அவனுக்குப் பயம் போயிற்றா, எங்கே உட்கார விரும்புகிறான், வீட்டுக்கு என்ன சொல்வது என்று கேளுங்கள். அடித்த பிள்ளையையே எல்லாரும் சுற்றி நின்று புரிந்துகொண்டிருந்தால், அடிபட்டவனுக்கு அங்கே நியாயம் செத்துப் போகும். அவனுக்கும் வெளியே தெரியாத ஒரு கதை இருக்கலாம்.

அப்புறம் அடித்தவனிடம் தனியாக: என்ன நடந்தது, அப்போது உடம்பில் என்ன தெரிந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய உன்னால் என்ன முடியும், அடுத்த முறை அந்த நொடி வந்தால் என்ன செய்யலாம்? உடைத்ததை ஒட்டுவது, கிழித்ததை எழுதிக் கொடுப்பது என்று சரிசெய்யும் வேலை செயலோடு பொருந்தி இருக்கட்டும். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். அடிபட்டவர் விரும்பாமல் இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைக்கவும் வேண்டாம்.

பயமுறுத்துவது பலன் தருமா என்று பார்த்தும் இருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவில், இளையோரைச் சிறைக்குள் அழைத்துப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டங்கள் பரவின. அவற்றைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கலந்துகொண்ட பிள்ளைகள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும். மறுபக்கம், 2016-ல் வெளியான ஓர் ஆய்வு: ஐந்து நடுநிலைப் பள்ளிகளில் கணித ஆசிரியர்கள் சிலருக்கு, மாணவரின் நிலையைப் புரிந்துகொண்டு கண்டிப்பது பற்றிய ஒரு சிறு இணையப் பயிற்சி தந்தார்கள். அவர்களிடம் படித்த மாணவர்களில் அந்த ஆண்டு இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் 4.8 சதவீதம், மற்றவர்களிடம் படித்தவர்களில் 9.6 சதவீதம். மாணவர்களுக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை.

படி 6: கதை தானாக வந்தால்

நீங்கள் கேட்காமலேயே ஒருநாள் பிள்ளை சொல்லத் தொடங்கும். பெரும்பாலும் வசதியில்லாத நேரத்தில், படிக்கட்டில் இறங்கும்போது. நின்று கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்கத் தேவைப்பட்டால் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும், யாரிடம் என்று முதலில் உன்னிடம் சொல்வேன்" என்பதுதான் உண்மை. "அவர்தான் செய்தாரா?" என்பது போல் பதிலை வாயில் வைக்கும் கேள்வி வேண்டாம். முகத்தில் அதிர்ச்சி காட்ட வேண்டாம். "சொன்னது நல்லது. உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். பிறகு பிள்ளையின் சொற்களிலேயே எழுதிவைத்து, படி 1-ல் குறித்த இடத்துக்கு உடனே தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள்.

துருவித் துருவிக் கேட்பது ஆற்றிவிடாது. ஒரு பேரதிர்ச்சிக்குப் பின் எல்லாரையும் ஒரே அமர்வில் பேசவைக்கும் முறையால் பின்னாளைய பாதிப்பு குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நினைவுகளைத் தொட்டுச் செய்யும் சிகிச்சை பயிற்சி பெற்றவர்களுடைய வேலை. மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் கையாளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்பான பெற்றோரையோ வளர்ப்பவரையோ சேர்த்துக்கொண்டு பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் நடக்கும், நல்ல ஆதாரம் உள்ளது. உங்கள் பகுதியில் அதைச் செய்பவர் யார் என்று இப்போதே விசாரித்துவையுங்கள்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது: சாக வேண்டும் என்ற பேச்சு, ஆயுதம், இன்னாரை இப்படிச் செய்வேன் என்ற திட்டமான மிரட்டல், தன்னைவிடச் சின்னப் பிள்ளையிடம் பாலியல் நடத்தை, விலங்குகளைத் துன்புறுத்துவது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாமல், பக்கத்திலேயே இருந்துகொண்டு உதவியைக் கூப்பிடுங்கள்.

படி 7: ஒருவராவது

ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் திறமையும் அன்பும் உள்ள பெரியவராக வளர்ந்தார். அவர்கள் வாழ்வில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, தங்களை மனதார ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

புதிதாகத் தொடங்குபவர் செய்யக்கூடிய ஒன்று: மிகவும் சிரமப்படும் ஒரு பிள்ளையோடு தினம் 2 நிமிடம், தொடர்ந்து 10 நாள், படிப்பையும் நடத்தையையும் தவிர்த்து ஏதாவது பேசுங்கள். அவனுக்குப் பிடித்த விளையாட்டு, அவள் வரைந்த படம். முதல் மூன்று நாள் பதிலே வராமல் போகலாம். பேச்சை நிறுத்தாதீர்கள். நேற்று நாற்காலியை வீசியிருந்தாலும் இன்று அந்த 2 நிமிடம் உண்டு. நல்ல நடத்தைக்குப் பரிசாக அதைத் தராதீர்கள், தண்டனையாகப் பிடுங்கவும் செய்யாதீர்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் எவ்வளவு உறுதி என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டும். பள்ளி முழுவதும் இந்த அணுகுமுறைக்கு மாறுவதைப் பற்றி 2019-ல் வெளியான ஒரு முறையான தொகுப்பாய்வு, தன் கடுமையான அளவுகோலுக்குள் வரும் ஆய்வு ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. தனித்தனிக் கூறுகளுக்கு ஆதாரம் இருக்கிறது, மொத்தத் தொகுப்புக்கு இன்னும் போதவில்லை. அதனால்தான் அந்த நோட்டு முக்கியம். மாதம் ஒருமுறை எடுத்து எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில், சம்பவங்களின் எண்ணிக்கை குறைவதற்கு முன்பே அடங்க ஆகும் நேரம் குறையத் தொடங்கும். எதுவுமே மாறவில்லை என்றால் உங்கள் வழியை மாற்றுங்கள்.

படி 8: உங்களை யார் தாங்குகிறார்கள்

பிள்ளைகளின் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அது நம்மிலும் இறங்கும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், ஒருகட்டத்தில் எதைக் கேட்டாலும் மரத்துப் போகும். வாரம் ஒருமுறை அனுபவமுள்ள ஒருவரோடு பேச நேரம் ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

ஒருநாள் நீங்கள் அந்த இடத்தை விட்டுப் போவீர்கள். சொல்லாமல் போய்விடாதீர்கள். சில வாரங்கள் முன்பே தேதியைச் சொல்லுங்கள். அதன் பிறகு சில நாள் அந்தப் பிள்ளை உங்களிடம் மோசமாக நடந்துகொள்ளலாம். நீங்கள் விட்டுவிட்டுப் போவதற்கு முன் அது தானே உங்களை விட்டுவிடப் பார்க்கிறது, அவ்வளவுதான். 2 நிமிடத்தை அப்போதும் நிறுத்தாதீர்கள். உங்களுக்குப் பின் வருபவரைப் பிள்ளையிடம் நேரில் அறிமுகப்படுத்துங்கள். எந்த இருக்கை, எந்தச் சத்தம், கோபம் வந்தால் எது உதவும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்லலாம் என்று பிள்ளையிடமே கேட்டு, மூவரும் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.